கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கனிமரம்

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளிகளும் அவர்களுடைய குடும்பத்தினரும் மருத்துவர்களிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "இனித் தோட்ட வேலை செய்யலாமா?" என்பதாகும். பெரும்பாலோர்க்கு விடை "செய்யலாம்" என்பதே. ஆனால் எந்த வேலையை, எப்போது, எவ்வளவு செய்யலாம் என்பதை அறிந்து செய்தல் வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் பழமரம் வளர்ப்பது மனத்துக்கும் உடலுக்கும் நலம் தருவது. அதே வேளையில், மரம் உயர்ந்து வளர்ந்துவிட்டால் அதுவே ஏணிக்கும் துறட்டிக்கும் நம்மை இழுத்துச் சென்று இடரில் தள்ளுவது. மரத்தை நம் கைக்கு எட்டும் உயரத்திலேயே வைத்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. தோட்டக்கலையில் அதற்குக் கவாத்து என்று பெயர். சிறு பழமரங்களை நடுதல், கவாத்து செய்தல் ஆகியவற்றையும், உடல்நலம் தேறி வருவோர் அவ்வேலைகளில் கொள்ளவேண்டிய கவனத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

மரம் ஏன் சிறியதாக இருத்தல் வேண்டும்?

தன் போக்கில் வளரவிட்ட கொய்யா மரம் 20 அடிக்கு மேலும் உயரும். மரம் உயர உயர, வெயில் படும் மேற்பகுதியில்தான் தளிரும் பூவும் தோன்றும்; நிழலில் அகப்பட்ட அடிக்கிளைகள் மெலிந்து காய்ந்துபோகும். எனவே சில ஆண்டுகளில் பழங்கள் அனைத்தும் நம் தலைக்கு மேலே சென்றுவிடுகின்றன. அவற்றை அணில்களும் வவ்வால்களும் உண்ணும். எஞ்சியவற்றுக்காக வீட்டில் ஒருவர் மரம் ஏறுவார்.

கொய்யாக் கிளை முருங்கைக் கிளையைப் போல எளிதில் முறியாது என்பது உண்மை. ஆனால் அதன் பட்டை வழவழப்பானது. கிளை முறியாவிட்டாலும் கால் வழுக்கும். மரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ விழுபவர்களுக்கு முதுகெலும்பு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் முறிவு ஏற்படலாம். எலும்புப்புரை உள்ள முதியவர்களுக்கு, நின்ற நிலையிலிருந்து தரையில் விழுவதே இடுப்பெலும்பு முறியப் போதுமானது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உண்பவர்கள் விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு வருதல் வேண்டும். இரும்பு அல்லது அலுமினியக் கழியில் கட்டிய துறட்டி மின்கம்பியில் பட்டால் உயிருக்கே கேடு நேரும்.

சிறு மரத்தில் இவ்விடர்கள் இல்லை. மேலும் சில நன்மைகளும் உண்டு. இலைகளின் அடிப்புறத்தை நாள்தோறும் பார்க்க இயலுவதால் மாவுப்பூச்சியையும் புழுவையும் தொடக்கத்திலேயே கண்டு நீக்கலாம். கொய்யாக் காய் எலுமிச்சை அளவு பருத்தவுடன் காகித உறையோ துணிப்பையோ கட்டி, பழ ஈ முட்டையிடுவதைத் தடுக்கலாம். வவ்வால் கடித்த பழத்தை உண்ணலாகாது என்பதை நிபா நோய் நமக்கு உணர்த்தியுள்ளது. உறையிட்ட பழத்தில் அந்த அச்சமும் குறையும்.

சிறு மரம் குறைவாகக் காய்க்குமே என்று கவலைகொள்ள வேண்டுவதில்லை. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் பழம் என்று பரிந்துரைக்கிறது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 400 கிராம் போதும். அது மூன்று நடுத்தரக் கொய்யாப் பழங்களின் எடை. அந்த அளவைத் தருவதற்குக் கூரைக்கு மேல் வளர்ந்த மரம் தேவையில்லை.

எந்த மரத்தைத் தேர்ந்தெடுப்பது?

தமிழ்நாட்டுச் சமவெளியில் கவாத்தைத் தாங்கிச் சிறியதாகவே காய்க்கக்கூடிய மரங்கள் கொய்யா, எலுமிச்சை, மாதுளை, சீத்தா, சீமை அத்தி ஆகியன. முதன்முதலாக வளர்ப்போர்க்குக் கொய்யாவே ஏற்றது. சர்தார் என வழங்கும் லக்னோ 49, அலகாபாத் சபேதா ஆகிய இரகங்களின் பதியன்கள் நாற்றங்கால்களில் எளிதாகக் கிடைக்கும். எலுமிச்சையில் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1, மாதுளையில் கணேஷ், சீத்தாவில் அருப்புக்கோட்டையிலிருந்து வந்த ஏ.பி.கே. 1 ஆகியவை நன்கு அறியப்பட்டவை. விதையிலிருந்து முளைத்த கன்றைவிடப் பதியனோ ஒட்டுக்கன்றோ விரைவில் காய்க்கும். தாய்மரத்தின் குணமும் மாறாது.

நோயாளி உள்ள வீட்டில் மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மண்ணையும் இடத்தையும் மட்டுமன்றி, பழத்தை உண்ணப்போகிறவரின் உடல்நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கொய்யாவில் வைட்டமின் சி மிகுதி. 100 கிராமில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் உண்டு. நீரிழிவு நோயாளிகள் அதைச் சாறாக்காமல் பழமாகவே, அளவோடு உண்ணலாம். ஆனால் அதே கொய்யாவில் பொட்டாசியமும் மிகுதி. சிறுநீரகம் செயலிழந்தவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் உணவியல் வல்லுநரைக் கேட்காமல் அதை உண்ணலாகாது.

இங்கு ஒரு மரத்தைக் குறித்துச் சிறப்பாக எச்சரித்தல் எம் கடமை. அழகுக்காகவும் புளிப்புக்காகவும் நட்சத்திரப் பழ மரத்தைப் பலர் வீட்டில் வளர்க்கின்றனர். சிறுநீரக நோயாளிகளுக்கு இப்பழம் நஞ்சாகும். இதிலுள்ள ஒரு பொருளை நலமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும். செயல் குன்றிய சிறுநீரகத்தால் அது இயலாது. அப்பொருள் மூளையைத் தாக்குவதால் நிற்காத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு ஆகியன தோன்றி உயிரிழப்பும் நேரிடலாம். இதில் மிகுந்துள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். சிறுநீரக நோயாளி உள்ள வீட்டில் இம்மரம் இருந்தால், அவர் ஒரு துண்டும் உண்ணாதபடி பார்த்துக்கொள்வது குடும்பத்தாரின் பொறுப்பு. அவ்வாறே பம்பளிமாஸ் பழம் சில மருந்துகளின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை உண்பவர்களும் மருத்துவரிடம் கேட்ட பின்னரே அதை உண்ணுதல் நலம்.

நடும் முறை

நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் வெயில் படும் இடம் வேண்டும். சுவரிலிருந்து ஐந்தடியாவது தள்ளி, நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஏறக்குறைய இரண்டடி இருக்குமாறு குழி எடுத்துச் சில நாட்கள் ஆறவிட வேண்டும். மேல்மண்ணோடு ஒரு கூடை மக்கிய தொழுவுரமும் இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து குழியை நிரப்பி, நடுவில் கன்றை நடுக. ஒட்டுக்கன்றாயின் ஒட்டுக்கட்டிய பகுதி மண்ணுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் இருத்தல் வேண்டும்; அது மண்ணில் புதைந்தால் அழுகும்.

மாடியில் வளர்ப்போர் 200 லிட்டர் பீப்பாயைப் பாதியாக வெட்டி, அடியில் துளைகள் இட்டுப் பயன்படுத்தலாம். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்க விடலாகாது. டெங்குவைப் பரப்பும் கொசு அத்தகைய சிறு நீர்த்தேக்கத்தில்தான் முட்டையிடும்.

முதலாண்டில் மண் காயும்போதெல்லாம் நீர் ஊற்றுக. பின்னர் தண்டை ஒட்டி ஊற்றாமல், கிளைகளின் நுனிக்கு நேர்கீழே வட்டப்பாத்தி அமைத்து ஊற்றுக. உணவை உறிஞ்சும் இளவேர்கள் அங்குதான் உள்ளன. காய்ந்த இலைகளால் மூடாக்கு இட்டால் நீர்த்தேவை குறையும். மூடாக்கு தண்டைத் தொடாமல் ஒரு சாண் விலகியிருக்கட்டும்.

கிளை வெட்டினால் மரத்தில் நிகழ்வது என்ன?

கவாத்தைக் கற்க விரும்புவோர் முதலில் ஓர் இயற்கை விதியை அறிதல் வேண்டும். ஒவ்வொரு கிளையின் முனையிலும் உள்ள நுனிமொட்டு ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருளைச் சுரக்கிறது. அது கிளை வழியே கீழிறங்கி, கீழேயுள்ள பக்கமொட்டுகளை உறக்கத்தில் வைத்திருக்கிறது. இதனைத் தாவரவியலார் நுனி ஆதிக்கம் என்பர். நுனியை வெட்டியவுடன் அந்தத் தடை நீங்கி, வெட்டுக்குக் கீழேயுள்ள இரண்டு மூன்று மொட்டுகள் விழித்துக்கொண்டு கிளைகளாகின்றன. ஒன்றாக இருந்த கிளை மூன்றாகிறது. உயரம் குறைந்து பரப்பு கூடுகிறது.

இதிலிருந்து இருவகை வெட்டுகள் உண்டு என்பது விளங்கும். கிளையின் நடுவே, ஒரு மொட்டுக்கு மேல் வெட்டுவது நுனி வெட்டு. அது புதுத் தளிர்களைப் பெருக்கும். கிளையை அது தோன்றிய இடத்திலேயே முழுவதுமாக நீக்குவது அடி வெட்டு. அது மரத்தின் உட்புறத்தில் வெளிச்சத்தையும் காற்றையும் புகச்செய்யும். உயரம் குறைய வேண்டுமென்று நுனிகளை மட்டுமே ஆண்டுதோறும் வெட்டினால் மரம் துடைப்பம்போல் அடர்ந்து, உள்ளே இருள் சூழ்ந்து, காய்ப்புக் குறையும். இரண்டு வெட்டுகளையும் அளவறிந்து கலந்து செய்வதே முறை.

வெட்டாமலும் ஒரு வழி உண்டு. நிமிர்ந்து வளரும் இளங்கிளையை மெல்ல வளைத்து, கயிற்றால் தரையிலுள்ள முளையில் கட்டிவிட்டால், கிடையான கிளையில் நுனியின் ஆதிக்கம் தளரும். அதன் மேற்புறத்து மொட்டுகள் தளிர்த்துப் பூக்கும். கொய்யாவில் இது நன்கு பயன் தருகிறது. சக்கர நாற்காலியில் அமர்ந்து தோட்டத்தைக் கவனிப்பவர்களுக்கு, நான்கடி உயரத்துக்குள் பழங்களைக் கொண்டுவர இதைவிட எளிய வழி இல்லை.

மரத்தின் காயம்

நம் தோலில் ஏற்பட்ட வெட்டு ஆறும்போது, சிதைந்த இடத்தில் புதுத்திசு வளர்ந்து அதைப் பழையபடி இணைக்கிறது. மரம் அவ்வாறு செய்வதில்லை. வெட்டுண்ட மரத்திசு ஒருபோதும் திரும்ப உயிர்பெறாது. அதற்குப் பதிலாக மரம் அந்த இடத்தைச் சுற்றி உள்ளே தடுப்புச் சுவர்கள் எழுப்பி, அழுகல் பரவாமல் அடைக்கிறது. வெளியே புதிய பட்டையை வளர்த்து மெல்ல மூடுகிறது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் சைகோ என்னும் அறிவியலாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்து ஆராய்ந்து, 1970களில் இதை விளக்கினார். மரம் தன் காயத்தை வாழ்நாள் முழுவதும் உள்ளே சுமக்கிறது. எனவே ஒவ்வொரு வெட்டையும் சிறிதாகவும் சரியான இடத்திலும் செய்வது நம் பொறுப்பாகும்.

கிளை தண்டோடு சேரும் இடத்தை உற்றுநோக்கினால், அங்கே வளையம்போல் ஒரு சிறு புடைப்பு தெரியும். அதைக் கிளையின் கழுத்து எனலாம். தடுப்புச் சுவரை எழுப்பும் ஆற்றல் அங்குதான் உள்ளது. அடி வெட்டு அக்கழுத்துக்குச் சற்று வெளியே அமைதல் வேண்டும். தண்டோடு ஒட்டி வழித்து வெட்டினால் கழுத்து அழிந்து, அழுகல் தண்டுக்குள் இறங்கும். மாறாக ஒரு சாண் நீளக் கட்டையை விட்டு வெட்டினால், அக்கட்டை காய்ந்து பூஞ்சைக்கும் கரையானுக்கும் வாயிலாகும்.

நுனி வெட்டாயின், வெளிப்புறம் நோக்கிய ஒரு மொட்டைத் தேர்ந்து, அதற்கு மேலே ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் விட்டு, மழைநீர் மொட்டின் மேல் வடியாதவாறு சற்றே சாய்வாக வெட்டுக. உட்புறம் நோக்கிய மொட்டுக்கு மேல் வெட்டினால் புதுக்கிளை மரத்தின் நடுவே வளர்ந்து நெருக்கடி தரும்.

கட்டைவிரலினும் தடித்த கிளையை ஒரே வெட்டில் அறுத்தால், அது பாதியிலேயே முறிந்து பட்டையை உரித்துக்கொண்டு விழும். அதை மூன்று வெட்டாகச் செய்க. முதலில் தண்டிலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் அடிப்புறத்திலிருந்து மேல்நோக்கிச் சிறிது அறுக்க வேண்டும். அடுத்து, அதற்கும் சற்று வெளியே மேலிருந்து கீழாக அறுத்துக் கிளையின் பாரத்தை நீக்க வேண்டும். இறுதியாக, எஞ்சிய கட்டையைக் கழுத்துக்கு வெளியே அறுக்க வேண்டும்.

கருவி கூர்மையாகவும் தூய்மையாகவும் இருத்தல் இன்றியமையாதது. அறுவை அரங்கில் ஒரு நோயாளிக்குப் பயன்பட்ட கத்தி தூய்மை செய்யப்படாமல் மற்றொருவரைத் தொடுவதில்லை. தோட்டத்திலும் அதே நெறியைக் கொள்க. எலுமிச்சையின் சொறிநோய் பாக்டீரியாவால் வருவது. வெட்டிய கத்தரிக்கோலாலேயே மரத்துக்கு மரம் பரவும். ஒரு மரம் முடிந்து அடுத்ததைத் தொடுமுன் கத்தரிக்கோலை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தல் வேண்டும்.

வெட்டுவாயில் சாணியோ வண்ணமோ பூசினால் காயம் விரைந்து மூடும் என்பது சரியன்று. எனினும் எலுமிச்சையிலும் மாதுளையிலும் தடித்த கிளைகளை வெட்டிய இடத்தில், மழைக்காலப் பூஞ்சையைத் தடுக்கப் போர்டோ பசை பூசுவது வழக்கம். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, பின்னர் கலந்து பயன்படுத்த வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. பிளாஸ்டிக் வாளியோ மண்பாண்டமோ ஏற்றது. மயில்துத்தம் நஞ்சாதலால் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

மரத்துக்கு மரம் முறை வேறு

எல்லா மரங்களையும் ஒரேபோல் வெட்டுவதே பலர் செய்யும் பிழை. மரம் புதுத்தளிரில் பூக்கிறதா, முதிர்ந்த கிளையில் பூக்கிறதா என்பதை அறிந்த பின்னரே கத்தரிக்கோலை எடுத்தல் வேண்டும்.

கொய்யா புதுத்தளிரில் பூக்கும். ஆதலால் வெட்ட வெட்டக் காய்க்கும். நட்ட கன்று இரண்டு, இரண்டரை அடி உயர்ந்தவுடன் நுனியை வெட்டி, திசைக்கு ஒன்றாக மூன்று அல்லது நான்கு கிளைகளை மட்டும் விடுக. அவையே மரத்தின் எலும்புக்கூடு. பின்னர் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒரு முறையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஒரு முறையும், முந்தைய பருவத்துக் கிளைகளின் நுனியில் 10 முதல் 15 சென்டிமீட்டர் வெட்டினால் பக்கத்தளிர்கள் தோன்றிப் பூக்கும். பூத்த நான்கு, ஐந்து மாதங்களில் பழம் கிடைக்கும். இலக்னோவிலுள்ள மத்திய மிதவெப்பமண்டலத் தோட்டக்கலை நிறுவனம், இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடைவெளியில் கொய்யாவை நட்டு, தொடர் கவாத்தால் குட்டையாகவே வைத்துக் காய்க்கச்செய்யும் முறையை உருவாக்கியுள்ளது. எக்டருக்கு 5,000 கன்றுகள் நிற்கும் தோட்டத்தில் இயலுவது நம் வீட்டு முற்றத்திலும் இயலும்.

எலுமிச்சை மிகுந்த வெட்டை விரும்பாதது. தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரம் வரை தண்டில் கிளை இல்லாதவாறு இளமையிலேயே நீக்கிவிட வேண்டும். பின்னர் காய்ந்தவை, நோயுற்றவை, ஒன்றோடொன்று உரசுபவை ஆகியவற்றை மட்டும் வெட்டினால் போதும். நேராக, வேகமாக, பருத்த முட்களோடு மேலெழும் நீர்ப்போத்துகள் உணவை உறிஞ்சுமேயன்றி விரைவில் காய்க்கா. அவற்றை இளந்தளிராக இருக்கும்போதே கிள்ளி எறிக. ஒட்டுக்கட்டுக்குக் கீழே முளைப்பது வேறு மரத்தின் தளிர். அதை விட்டுவைத்தால் நாளடைவில் நாம் நட்ட இரகம் மறைந்து, வேர்ச்செடியே மரமாகிவிடும்.

மாதுளை முதிர்ந்த கிளைகளிலுள்ள குறுங்கிளைகளில் காய்க்கும். கொய்யாவைப் போல எண்ணி நுனிகளை எல்லாம் வெட்டினால், வரும் பருவத்தின் காய்ப்பையே வெட்டியெறிந்தவர் ஆவோம். அடியிலிருந்து மூன்று, நான்கு தண்டுகளை மட்டும் விட்டு, சுற்றிலும் தோன்றும் போத்துகளை நீக்குவதே மாதுளைக்குரிய கவாத்து.

சீத்தாவும் சீமை அத்தியும் புதுத்தளிரில் காய்ப்பவை. சீத்தா இலையுதிர்த்து நிற்கும் கோடைத் தொடக்கத்தில் இலேசாகக் கவாத்து செய்யலாம். அத்தியை வெட்டும்போது வடியும் பாலும், எலுமிச்சைத் தோலின் சாறும் கையில் பட்டு, அதன்மேல் வெயில் பட்டால் தோல் வெந்து கொப்புளித்துக் கருக்கும். இவ்வேலை முடிந்ததும் நிழலுக்கு வந்து கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும்.

எவ்வளவு வெட்டலாம்?

மரத்தின் உணவு இலையில்தான் உருவாகிறது. ஆகவே ஒரு முறையில் மரத்தின் பசும்பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நீக்கலாகாது. ஏற்கெனவே உயர்ந்துவிட்ட பழைய கொய்யா மரத்தை ஒரே நாளில் குட்டையாக்க முயலாமல், மூன்று ஆண்டுகளில் இறக்குக. ஆண்டுக்கு ஒன்றிரண்டு உயர்ந்த கிளைகளை அடி வெட்டாக நீக்கி, கீழே தோன்றும் புதுத்தளிர்களை அடுத்த கிளைகளாகப் பேணுக. திடீரென்று வெயில் படும் பட்டை வெடிக்காதிருக்கச் சுண்ணாம்பு நீர் பூசுக. இவ்வுயர்ந்த கிளைகளை வெட்டும் வேலை மட்டும் பழகிய ஆளிடம் விடப்பட வேண்டும். மூன்று ஆண்டுகள் அவரிடம் விட்டால், பிறகு எக்காலமும் நீங்களே தரையில் நின்று செய்துகொள்ளலாம்.

மழை விடாது பெய்யும் நாட்களில் கவாத்து வேண்டா. வெட்டுவாய் ஈரமாக இருந்தால் பூஞ்சை எளிதில் பற்றும்.

வெட்டுபவர் தம் உடலையும் பேணுக

தோட்டத்துக்குச் செல்லும் எவரும் டெட்டனஸ் தடுப்பூசி காலம் கடவாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்க. மூடிய காலணி, தோல் கையுறை, கண்ணாடி ஆகிய மூன்றும் இல்லாமல் எலுமிச்சை, மாதுளை மரங்களை நெருங்கலாகாது.

நீரிழிவு உடையவர்களுக்குக் காலில் உணர்வு குன்றியிருக்கலாம். முள் தைத்ததே தெரியாது. வெறுங்காலோடு தோட்டத்தில் நடப்பதை அறவே விடுக. வீடு திரும்பியதும் உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும். குனிய இயலாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். மேலும், மழைக்காலத்து மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா மெலியாய்டோசிஸ் என்னும் கடுமையான நோயை உண்டாக்குகிறது. தமிழ்நாட்டிலும் இந்நோய் கண்டறியப்பட்டுள்ளது. நீரிழிவு உடையவர்களையே அது மிகுதியும் தாக்குகிறது. ஆகவே மழைக்காலத்தில் அவர்கள் மண் வேலையைத் தவிர்த்தல் நன்று. மண் வேலைக்குப் பின் தணியாத காய்ச்சல் வந்தால் அதை மருத்துவரிடம் மறவாமல் கூறுக.

நெஞ்செலும்பைப் பிளந்து இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், எலும்பு கூடும் வரை, அதாவது ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள், அறுத்தல், இழுத்தல், நீர்வாளி தூக்குதல் ஆகியவற்றைச் செய்யலாகாது. டயாலிசிஸுக்காகக் கையில் பிஸ்டுலா அமைத்திருப்பவர்கள் அக்கையால் பாரம் தூக்காமலும், அதில் முள் கீறாமலும் காத்துக்கொள்ள வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நிணநீர் முடிச்சுகள் நீக்கப்பட்டவர்கள், அந்தப் பக்கத்துக் கையில் ஏற்படும் சிறு கீறலையும் உடனே கழுவி, சிவந்தாலோ வீங்கினாலோ வந்து காட்டுதல் வேண்டும். கண்புரை அறுவைக்குப் பின் மருத்துவர் ஒப்பும் வரை தூசி படும் வேலைகள் கூடா.

புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுபவர்களும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களும் மண்ணையும் மக்கிய உரத்தையும் தொடலாகாது. அவற்றிலுள்ள பூஞ்சை வித்துகள் நோயெதிர்ப்பு குன்றியவர்களின் நுரையீரலைத் தாக்கக்கூடியவை. குடும்பத்தார்க்கு இங்கு ஒரு வேண்டுகோள். நோயுற்றவரால் வெட்ட இயலாது என்பதற்காக, அவரிடமிருந்து தோட்டத்தையே எடுத்துவிடாதீர்கள். மண்ணும் உரமும் கிளறும் வேலை முடிந்த மற்றொரு நாளில், மருத்துவர் இசைந்தால், அவரைத் தாழ்வாரத்திலோ சன்னலருகிலோ அமரச்செய்து, எந்தக் கிளையை நீக்குவது, எதை விடுவது என்று அவரையே கேளுங்கள். கவாத்தில் கைக்கு உள்ள வேலையைவிடக் கண்ணுக்கும் அறிவுக்கும் உள்ள வேலையே பெரிது. அந்த முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

நினைவிற்கொள்ள வேண்டியவை

1. மரத்தின் உயரம் உங்கள் நீட்டிய கையைத் தாண்டலாகாது. ஏணி தேவைப்பட்டால் கவாத்து தவறியது என்று பொருள்.

2. முதலில் காய்ந்த கிளை, அடுத்து நோயுற்ற கிளை, அதன்பின் உரசும் கிளை, இறுதியாகவே உயரம் என்ற வரிசையில் வெட்டுக.

3. கொய்யாவுக்கு நுனி வெட்டு. எலுமிச்சைக்குச் சிறு வெட்டு. மாதுளைக்குப் போத்து நீக்கம்.

4. கிளையின் கழுத்தைக் காக்க, கட்டை விடாதீர்கள், நான்கில் ஒரு பங்குக்கு மேல் நீக்காதீர்கள்.

5. சிறுநீரக நோயாளி உள்ள வீட்டில் நட்சத்திரப் பழம் வேண்டா. கொய்யா, உணவியல் வல்லுநரின் இசைவோடு மட்டும்.

நலம் தேறி வருவோர் முதல் நாள் பத்து நிமிடங்களுக்கு மேல் வேலை செய்ய வேண்டா. காய்ந்த சுள்ளிகளை மட்டும் நறுக்கிவிட்டு வந்து அமர்க. களைப்பு, மூச்சிரைப்பு, தலைசுற்றல் ஏதும் இல்லையெனில் மறுநாள் சிறிது கூட்டலாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க வரும்போது, தோட்டத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதையும் அவரிடம் கூறுக. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற எல்லையை அவர் வகுத்துத் தருவார். கொய்யாவில் நீங்கள் வெட்டிய நுனிக்குக் கீழே, சில வாரங்களில் இரண்டு பச்சை முளைகள் எட்டிப் பார்க்கும். அவற்றைக் காணத் தலையை நிமிர்த்த வேண்டியிராது. அவை உங்கள் கண் எதிரிலேயே இருக்கும்.